ஒப்படைக்கப்படாத ராடிக்கல்கள்

எங்கள் ஒளிவினை ஆய்வு நிறுவனத்தில் ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யும் வழக்கம் கிடையாது. அதன்மேல் வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். சீட்டு இருந்தால் பொருள் இருக்கிறது. நாற்காலி, மின்விசிறி, குப்பைக்கூடை, சோதனைக்குழாய் எல்லாவற்றுக்கும் ஒரு எண் உண்டு. வாசலில் நிற்கிற மரத்துக்கும் உண்டு. ஒரு வருடம் அந்த மரத்தில் காகம் கூடு கட்டியபோது, "ஏற்கெனவே உள்ள சொத்தில் கூடுதல் கட்டுமானம்" என்று சொல்லிக் கூட்டுக்கும் ஒரு சீட்டு ஒட்டினார்கள். ஏணி வைத்து ஏறிய ஊழியரின் தலையில் காகம் கொத்திவிட்டது. அவருக்கு மருந்து போட்டு அனுப்பினார்கள். காகத்தின்மேல் எடுக்க வேண்டிய நடவடிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது.

வெளிச்சம் பட்டால் பொருள்கள் எப்படி மாறுகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் நிறுவனத்தின் வேலை. வாசல் பெயர்ப்பலகை பல வருடமாக வெயிலில் கிடந்து, இப்போது அதில் "ஆய்வு" என்ற சொல் மட்டும் வெளுத்துப் போய்விட்டது. மற்ற எழுத்தெல்லாம் நன்றாகவே இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு யாரும் வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்த இடத்தில்தான் நான் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்தேன். சேர்ந்தபோது என் கூடப் படித்தவளுக்குக் கல்யாணம் நடந்தது. முடித்தபோது அவள் பையன் பள்ளிக்கூடம் போகிறான். இத்தனை காலமும் நான் என் அக்கா வீட்டில், அவள் தையல் கடையின் பின்னறையில், இரண்டு தையல் மெஷின்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தேன். அம்மா எங்கள் மாமா வீட்டில், மாமியின் முகம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வழியாக எனக்கு வேறு ஊர்க் கல்லூரியில் வேலை கிடைத்தது. குடியிருக்க வீடும் அவர்களே தருகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றார்கள். அந்த அடுத்த ஆள் கல்லூரி வாசலிலேயே பாய் போட்டுப் படுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

சேர வேண்டுமானால் நிறுவனத்தில் எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்ற காகிதம் வேண்டும். நோ டியூஸ் என்பார்கள். நூலகம் கையெழுத்துப் போட்டது, கேன்டீன் போட்டது, ஒரு நாளும் நான் எட்டிப் பார்க்காத விளையாட்டுப் பிரிவுகூடப் போட்டது. மிச்சம் இருந்தது பொருள் கிடங்கு ஒன்றுதான்.

கிடங்கு அதிகாரியை எல்லோரும் பூட்டு சார் என்போம். இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் எப்போதும் ஒரு சந்தேகம். நான் போனபோது என் ஆய்வேடு அவர் மேசைமேல் விரித்துக் கிடந்தது.

"உக்காருங்கம்மா. உங்க தீசிஸ முழுசா படிச்சேன்" என்றார்.

சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கைடே அட்டையைத் தாண்டாத புத்தகம் அது.

"எப்படி சார் இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருக்கு. ஒரு சின்ன விஷயம். நாலாவது அத்தியாயத்துல, விளக்கைப் போட்டதும் ஃப்ரீ ராடிக்கல்கள் உண்டாச்சுன்னு எழுதியிருக்கீங்க. எண்ணிக்கையும் போட்டிருக்கீங்க. ஒண்ணு போட்டு, பக்கத்துல சைபரா அடுக்கியிருக்கு."

"ஆமா சார்."

"அதெல்லாம் இப்ப எங்க?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் நிதானமாகப் பேசப் போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

"சார், ஒரு மூலக்கூறுல எலக்ட்ரானெல்லாம் ஜோடி ஜோடியா இருக்கும், வாசல்ல விட்ட செருப்பு மாதிரி" என்று ஆரம்பித்தேன். "வெளிச்சம் பட்டதும் அது ரெண்டா பிளந்துடும். பாதிக்கு ஒரு ஒத்தச் செருப்பு. அந்தப் பாதிக்குப் பேருதான் ராடிக்கல். ஒத்தச் செருப்போட எவ்ளோ நேரம் நிக்க முடியும்? பக்கத்துல இருக்கறவன்கிட்ட ஒண்ணைப் பிடுங்கிக்கும். பறிகொடுத்தவன் இப்ப ராடிக்கல். அவன் அடுத்தவன்கிட்டப் பிடுங்குவான். இப்படியே போய்ட்டே இருக்கும். ரெண்டு ஒத்தச் செருப்பு நேருக்கு நேரா சந்திச்சாத்தான் ஜோடி சேர்ந்து அடங்கும்."

"எப்ப அடங்கும்?"

"நிறைய ராடிக்கல் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள அடங்கிடும். என்னோடது கொஞ்சம் சோம்பேறி. பிடுங்கற பழக்கம் அதுக்குக் கம்மி. வெளிச்சத்த அணைச்சா, ஒரு டீ குடிச்சு முடிக்கற நேரத்துல பழைய ஜோடியாவே சேர்ந்துடும்."

பூட்டு சார் யோசித்தார்.

"ஆக, இருந்துச்சு."

"இருந்துச்சு."

"இப்ப இல்ல."

"இல்ல."

"தொலைஞ்சிடுச்சு."

"தொலையல சார். ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துடுச்சு."

"சேர்றதுக்கு யார் அனுமதி குடுத்தா?"

"அது இயற்கை சார்."

"இயற்கை நம்ம நிறுவனத்துல எந்தப் பிரிவுல வருது?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். எனக்கு டீ வரவழைத்தார். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். "இங்க நம்ம விளக்கு, நம்ம கரண்ட்டு, நம்ம குழாய்ல உண்டான எதுவும் நிறுவனச் சொத்து. போகும்போது ஒப்படைச்சுட்டுத்தான் போகணும்" என்றார். பிறகு, மகளிடம் பேசுகிற குரலில் ஒரு வழியும் சொன்னார்.

"அப்படி எதுவுமே உண்டாகலன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

எழுதிக் கொடுத்தால் என் ஆய்வேடு பொய் என்று நானே சொன்னதாகிவிடும். ஆய்வேடு போனால் பட்டம் போகும், பட்டம் போனால் வேலை போகும். எழுதிக் கொடுக்காவிட்டால் நேராகவே வேலை போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்கள். மத்தளத்துக்காவது அடிக்கிறவன் ஒரு ஆள்தான். டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

என் கைடிடம் போனேன். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். கதவு திறக்கிற சத்தத்துக்கே பதறுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் கதவைச் சாத்தினார்.

"நீ ஏம்மா உண்டாக்கின?"

"ஒளிவேதியியல் ஆராய்ச்சி சார். வெளிச்சம் பட்டா ராடிக்கல் உண்டாகாம எப்படி? பாதி வினை அது வழியாத்தான் நடக்குது."

"அது தெரியும். நான் முப்பது வருஷமா இதே துறைலதான் இருக்கேன். என் சோதனைல ஒரு தடவையாவது எதாவது உண்டாகியிருக்கா, கேட்டுப் பாரு. அதனாலதான் நிம்மதியா ரிட்டயர் ஆகப் போறேன்."

"நீங்க ஒரு வார்த்தை பூட்டு சார்கிட்டப் பேசினீங்கன்னா..."

"பேசலாம். பேசினா உன் கைடு நான்தான்னு அவருக்குத் தெரிஞ்சுடுமே" என்றார்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு சட்டைக்குக் கை அளந்துகொண்டிருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தி முடிக்கிற வரைக்கும் பதில் வரவில்லை.

"கண்ணுக்கே தெரியாததத் திருப்பிக் குடுன்னு கேக்கறானா?"

"ஆமா."

"அப்ப காலி டப்பா ஒண்ணக் குடுத்துட்டு வாயேன். அவனுக்கென்ன தெரியப் போகுது."

"அது பொய்க்கா."

"ஆமாமா, அவங்க கேக்கறது ரொம்ப நிஜம் பாரு" என்றாள். கடைக் கண்ணாடிக்குள் தொங்கவிட்டிருந்த நீலப் பாவாடையைக் காட்டினாள். வெயில் பட்ட பக்கம் அது சாம்பலாகிக் கிடந்தது. "இதுவும் அதுதானே? சாயத்த வெயில் தின்னுடுச்சுன்னு நீதானே சொன்ன? நான் யார்கிட்டப் போய் நோ டியூஸ் கேக்கட்டும்?"

அப்போது அம்மா போன் செய்தாள். சும்மாதான் கூப்பிட்டேன் என்றாள். அம்மா சும்மா கூப்பிட மாட்டாள். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு, "மாமி இன்னைக்கு என் கட்டில அளந்துட்டிருந்தா. அங்க ஒரு அலமாரி வைக்கணுமாம். நீ ஒண்ணும் அவசரப்படாத" என்றாள். போனை வைத்துவிட்டு அந்த நீலப் பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை என்னைக் கேட் சார் கூப்பிட்டனுப்பினார். பாதுகாப்புப் பிரிவின் தலைவர். ராடிக்கல்கள் கிடங்கில் இல்லையென்றால் கேட் வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று பூட்டு சார் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த இருவரும் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. ஒருவர் கேள்வியை இன்னொருவர் எப்போதும் யாராவது அப்பாவியின் தலை வழியாகத்தான் பெறுவார்.

"எவ்ளோ பெருசு இருக்கும்?" என்று ஆரம்பித்தார் கேட் சார்.

"கண்ணுக்குத் தெரியாது சார்."

"கண்ணுக்குத் தெரியாத பொருள வெளிய கொண்டு போறது தெரிஞ்சு கொண்டு போறத விடப் பெரிய குத்தம். சாப்பாட்டு டப்பால அடங்குமா?"

"எல்லாமே அடங்கும். ஆனா நான் கொண்டு போகல."

"யார் கொண்டு போனா?"

"யாரும் இல்ல. அது வெளிச்சம் இருக்கற வரைக்கும்தான் இருக்கும்."

இதைச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. நுணலும் தன் வாயால் கெடும். கேட் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப வெளிச்சம்தான் இதுக்கெல்லாம் காரணம்?"

"ஆமா சார்."

"சூரிய வெளிச்சமும்?"

"அதுவும்தான். வெயில்ல கிடக்கற பிளாஸ்டிக் வாளி உடைஞ்சு நொறுங்குதே, சாயம் வெளுக்குதே, அதுல எல்லாம் ராடிக்கலுக்குப் பங்கு உண்டு. நம்ம தோல்ல வெயில் பட்டாக்கூட உண்டாகும்."

"நம்ம வளாகத்துக்குள்ளயா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

மதியத்துக்குள் எங்கள் ஆய்வகத்து ஜன்னல்களில் எல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். என் விளக்கின் சுவிட்சுக்கு அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். விசாரணை முடியும்வரை அனுமதியில்லாமல் எதுவும் உண்டாகக் கூடாதாம். பெயர்ப்பலகைமேல் தார்ப்பாய் போர்த்தினார்கள். வெயிலில் நின்று டீ குடிக்கிறவர்கள் நிழலுக்கு வந்து குடிக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒளிவினை ஆய்வு நிறுவனத்தில் அன்று ஒளி என்று இருந்தது கேட் சாரின் கைவிளக்கு மட்டும்தான். சாயங்காலம் நான் கிளம்பும்போது வாசலில் காவலாளி அதை என் சாப்பாட்டு டப்பாவுக்குள் அடித்துப் பார்த்தார். ஒட்டியிருந்த பருக்கை ஒன்றைக் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டார்.

அதோடு நின்றதா என்றால் இல்லை. கேட் சார் கழிவுப் பிரிவைக் கேட்டார், சாக்கடை வழியாகப் போயிருக்குமா என்று. கழிவுப் பிரிவு பயந்துபோய்க் கொள்முதல் பிரிவைக் கேட்டது, வாங்கும்போதே ராடிக்கலாக வாங்கினீர்களா என்று. கொள்முதல் பிரிவு சீட்டுப் பிரிவைக் கேட்டது, இவற்றுக்கு ஏன் எண் ஒட்டவில்லை என்று. அத்தனை சைபருக்குச் சீட்டு அடிக்க எந்த அச்சகமும் ஒத்துக்கொள்ளாது என்றார் சீட்டுப் பிரிவுக்காரர். ஒத்தைச் செருப்போடு நிற்கிறவன் அடுத்தவன் செருப்பைப் பிடுங்குகிற கதைதான். கேள்வி ஒருவர்மேல் மோதியதும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்து ஆளிடமிருந்து எதையாவது பிடுங்கினால்தான் அவருக்கு நிம்மதி. நான் ஆறு வருடம் குழாய்க்குள் பார்த்ததை இவர்கள் ஒரே நாளில், விளக்குகூட இல்லாமல், மாடிப்படிகளில் செய்து காட்டினார்கள்.

இந்தச் சத்தம் மேலே போய், வியாழக்கிழமை இயக்குநரே குழுவோடு நேரில் வந்து சொத்தைச் சரிபார்ப்பார் என்று முடிவானது. மறுநாள் வெள்ளி. கல்லூரி இருக்கும் ஊருக்குக் கடைசி பஸ் வியாழன் சாயங்காலம். பெட்டியைக் கட்டித் தையல் மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் உள்ளே வந்தார்கள். இயக்குநர், பூட்டு சார், சீட்டுப் பிரிவுக்காரர். என் கைடு எல்லோருக்கும் பின்னால், தான் இல்லாதது போல நின்றார். கேட் சார் மட்டும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். எதுவும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளவாம். முத்திரையை உடைக்க வேண்டிய ஊழியர் வந்து உடைத்தார். நான் விளக்கைப் போட்டேன்.

வெளிர் மஞ்சளாக இருந்த திரவத்தில் விளக்குப் பக்கமாக ஊதா படர்ந்தது. அப்படியே குழாய் முழுக்க நிறைந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது நெஞ்சு குளிர்கிற விஷயம். இரண்டாகப் பிளந்த மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் துணையில்லாமல் நிற்கிற நிறம் அது. அந்த அவசரத்திலும் ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

"அழகா இருக்கே. இதுல எது ராடிக்கல்?" என்றார் இயக்குநர்.

"ஊதாவா தெரியறதுக்கு அதுதான் சார் காரணம்."

"முதல்ல விளக்க அணைங்க" என்று பதறினார் பூட்டு சார். "எரிய எரிய உண்டாகிட்டே இருக்கு. அந்தம்மா ஒப்படைக்க வேண்டிய கணக்கு ஏறிட்டே போகுது."

அணைத்தேன். இயக்குநர் தொண்டையைச் செருமினார். இரண்டு பேர் இருக்கிற இடத்திலும் மேடையில் பேசுகிற மாதிரித்தான் பேசுவார்.

"நானும் ஒரு காலத்துல விஞ்ஞானியா இருந்தவன்தான். அப்பல்லாம் ஒரு பொருள் என்ன, எப்படி மாறுதுன்னு கேட்டுட்டிருந்தேன். நிர்வாகத்துக்கு வந்தப்புறம்தான் உண்மையான விஞ்ஞானம் புரிஞ்சுது. பொருள் என்னங்கறது முக்கியமில்ல. யார் பொறுப்புல இருக்குங்கறதுதான் முக்கியம். இந்தக் கேள்விய மட்டும் கேக்கக் கத்துக்கிட்டவன் எந்தத் துறைக்கும் தலைவனாகலாம். நானே உதாரணம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். பேசி முடித்துக் குழாயைப் பார்த்தபோது ஊதா போய்விட்டிருந்தது.

"எங்க?" என்றார்.

மறுபடி போட்டேன். மறுபடி ஊதா. மறுபடி பூட்டு சார் அணைக்கச் சொன்னார். இந்த முறை இயக்குநர் குழு உறுப்பினர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்தார். அவர்கள் எல்லோரும் பல வருடமாக ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள். அறிமுகம் முடிவதற்குள் திரவம் பழையபடி வெளுத்துவிட்டது.

"இப்படிச் சரிப்படாது" என்றார் இயக்குநர். "நிறம் இருக்கும்போதே சீட்ட ஒட்டிடுங்க. சீட்டு இருந்தா சொத்து இருக்குன்னு அர்த்தம்."

மூன்றாம் முறை விளக்கை ஏற்றுவதற்குள், சீட்டுப் பிரிவுக்காரர் நல்ல அகலமான சீட்டாக எடுத்து, விளக்கைப் பார்த்த பக்கத்தில் கண்ணாடிமேல் அழுத்தி ஒட்டினார். விரலால் நான்கு மூலையையும் நீவிவிட்டார். விளக்கைப் போட்டேன். குழாயின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஊதாவானது. சீட்டு வெளிச்சத்தை மறைத்த நடுப்பகுதி மட்டும் வெளிர் மஞ்சளாகவே நின்றது. நிறுவனத்தின் எண் எங்கே இருந்ததோ, சரியாக அங்கே மட்டும் ராடிக்கல் இல்லை.

என் கைடுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

"எண் ஒட்டின இடத்துலயே பொருள் இல்லையே" என்றார் பூட்டு சார். விளக்கை அவரே அணைத்தார். நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசி ஊதாவும் போனதும் என் பக்கம் திரும்பினார். "எங்க கண்ணு முன்னாடியே காணாம போயிருக்கு. இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"என்னைத் தாண்டி எதுவும் போகல" என்று வாசலில் இருந்து கேட் சார் மார்பை நிமிர்த்தினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூட்டு சாரும் கேட் சாரும் ஒரே அறையில். இதுவரை இருவரும் தனித்தனியாக என்மேல்தான் மோதிக்கொண்டிருந்தார்கள். ஒத்தைச் செருப்புக்காரர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தி நடுவே நின்றதால்தான் இவர்கள் சந்திக்கவே இல்லை. ஆறு வருடம் படித்தது இதற்காவது உதவட்டும் என்று நினைத்தேன். ஒரு அடி ஒதுங்கி நின்றேன்.

"சார், ஒரே ஒரு சந்தேகம்" என்றேன் இயக்குநரிடம். "வெளிய எதுவும் போகலன்னு கேட் சார் சொல்றார். அப்படின்னா எல்லாம் உள்ளதான் இருக்கு. உள்ள இருக்கறதுக்குக் கிடங்குதான் பொறுப்பு. இல்ல, உள்ள இல்லன்னு கிடங்கு சொல்லுது. அப்படின்னா வெளிய போயிடுச்சு. அதுக்குக் கேட்தான் பொறுப்பு. நீங்க சொன்ன மாதிரி யார் பொறுப்புங்கறதுதான் முக்கியம். இவங்க ரெண்டு பேர்ல யாருன்னு நீங்க சொல்லிட்டா, நான் அவங்ககிட்டயே ஒப்படைச்சுடறேன்."

இயக்குநர் முதல் முறையாக என்னை மதிப்போடு பார்த்தார். பிறகு அவர்கள் இருவரையும் பார்த்தார். பூட்டு சார் கேட் சாரைப் பார்த்தார். கேட் சார் பூட்டு சாரைப் பார்த்தார். நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை என்று நினைக்கிறேன்.

"ஒரு நிமிஷம் சார்" என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். சேர்ந்தே வராந்தாவுக்குப் போனார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது கேட் சாரின் கை பூட்டு சாரின் தோள்மேல் இருந்தது. இருவர் முகத்திலும் அப்படி ஒரு சாந்தம்.

"நல்லா விசாரிச்சதுல எல்லாமே குழாய்க்குள்ளயே பத்திரமா இருக்கறதாத் தெரியுது சார்" என்றார் பூட்டு சார்.

"வெளிய எதுவும் போகல சார்" என்றார் கேட் சார்.

இயக்குநருக்கும் சந்தோஷம். உடனே மாடிப்படிக்கு அடியில் இருந்த பழைய சாமான் அறையைக் காலி செய்யச் சொன்னார். ஜன்னல் இல்லாத அறை. பல்பு பல வருடத்துக்கு முன்பே போய்விட்டது, மாற்ற வேண்டாம் என்றார். குழாயைச் சீட்டோடு சேர்த்து ஒரு தாங்கியில் நிறுத்தி, குழு முன்னால் போக, நான் பின்னால் எடுத்துக்கொண்டு போனேன். அலமாரியில் வைத்தேன். கதவைச் சாத்தினார்கள். கும்மிருட்டு.

மனசு கேட்கவில்லை. அக்கா சொன்ன காலி டப்பா ஞாபகம் வந்தது. கையெழுத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"சார், இருட்டுல அது இருக்காது."

"இல்லன்னு எப்படிச் சொல்ற?" என்றது இயக்குநரின் குரல். "பாக்கணும்னா விளக்கு போடணும். போட்டா?"

"போட்டா உண்டாகிடும்."

"அவ்ளோதான். எப்ப பாத்தாலும் இருக்கும். பாக்காதப்ப இல்லன்னு யாரும் குத்தம் சொல்ல முடியாது. ஒரு நிறுவனத்துக்கு இத விட நல்ல சொத்து உண்டா?" இருட்டிலேயே அவர் எங்களை எல்லாம் பார்த்துப் பேசினார் என்று நினைக்கிறேன். "இனிமே இந்தக் கதவத் திறக்கவோ, உள்ள வெளிச்சம் கொண்டு வரவோ யாருக்கும் அனுமதி இல்ல. நம்ம நிறுவனத்தோட எதிர்காலம் இந்த இருட்டுலதான் பத்திரமா இருக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். யார் தட்டவில்லை என்று தெரியாத இடத்தில் எல்லோரும் தட்டத்தானே செய்வார்கள். கையெழுத்துப் போட வெளிச்சம் வேண்டும் என்பதால் பிறகு வெளியே வந்தோம். பூட்டு சார் அறையைப் பூட்டி, பூட்டுக்கு ஒரு சீட்டு ஒட்டவைத்து, என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "நல்லா இரும்மா. போற இடத்துல எதையும் உண்டாக்கிக்காத" என்று உண்மையான அன்போடு சொன்னார்.

என் கைடு படிக்கட்டு வரைக்கும் கூட வந்தார். அப்போதுதான் அவர் வாயிலிருந்து கைக்குட்டை விலகியது. "அந்த நடுவுல வெளுத்து நின்னுச்சே, அது ரொம்ப நல்ல சோதனைம்மா" என்றார் மெதுவாக. யாராவது கேட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனார்.

வாசலில் காவலாளி என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, கைவிளக்கை அடித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் கொண்டு போகலல்ல?"

"ஒண்ணும் இல்ல."

கேட்டைத் தாண்டினேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் நிழலே கிடையாது. தார்ப்பாய் போர்த்திய பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புறங்கையிலும் கழுத்திலும் வெயில் சுள்ளென்று இறங்கியது. அந்த நேரம் என் தோலில் எத்தனை ராடிக்கல்கள் உண்டாகி எத்தனை அடங்கினவோ, ஒன்றுக்கும் சீட்டு இல்லை. அத்தனையையும் கேட்டுக்கு வெளியே நடத்திக் கொண்டுபோகிறேன் என்று நினைத்ததும் எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. நடந்தபடியே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"துணிமணியெல்லாம் கட்டி வை. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."

அம்மா ரகசியம் கேட்கிற மாதிரி, "மாமிகிட்ட அலமாரி வாங்கிக்கச் சொல்லட்டுமா?" என்றாள்.

"இப்பவே சொல்லு" என்றேன்.